ஸ்பெயின் ஆபீஸ் ஸ்பானிஷ்: "தாஸா" இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, உதவி!

கேள்வி:
மேல்படிப்புக்கு வலென்சியா வந்து மூணு வாரம் ஆச்சு. வெளிநாட்டவர் அட்டைக்குக் கைரேகை வைக்கப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மா தாள்களைப் புரட்டிட்டு, "ஃபால்தா எல் ஹுஸ்திஃபிகாந்தே தே லா தாஸா" என்றார். ஊரில் இருந்தபோது ஒரு மெக்சிகோ வாத்தியாரிடம் ஆன்லைனில் படிச்சேன். அவர் சொல்லித்தந்த "தாஸா" காபி குடிக்கிற கப். கப் எதுக்கு இங்கேன்னு முழிச்சேன். "ஹுஸ்திஃபிகாந்தே" என் படிவத்தின் தலையிலேயே அச்சாகியிருந்தது, அதை விரலால் காட்டினேன். அவர் தலையை ஆட்டிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அடுத்த நேரம் 9 நாள் கழிச்சுத்தான். எங்கே தப்பு? இந்த மாதிரி சொற்களை எப்படித்தான் படிக்கிறது?

பதில் 1:
கட்டணம் கட்டுற 790 படிவம், 012 குறியீடு, சரியா? பணம் கட்டினீங்களா? மேலே இருக்கிற ஹுஸ்திஃபிகாந்தே எண் வெறும் வரிசை எண்தான். பேங்கில் பணம் கட்டி முத்திரை வாங்கினால்தான் அந்தத் தாள் ரசீது, அதாவது அவங்க கேட்ட ஹுஸ்திஃபிகாந்தே. நம்ம ஊர் சலான் கதையேதான். தாஸா என்றால் அரசுக் கட்டணம். கப்புக்கு ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பல்லிடுக்கில் வெச்சு, கிட்டத்தட்ட "தாத்தா" மாதிரி சொல்வாங்க. மெக்சிகோவில் ரெண்டும் ஒரே ஒலி, வாத்தியாரைத் திட்டாதீங்க.

முதலில் "ஃபால்தா"வைப் பிடிங்க: ஏதோ குறையுதுன்னு அர்த்தம். அது காதில் விழுந்தால் உடனே "மே லோ எஸ்க்ரீபே, போர் ஃபாவோர்?" எழுதித் தரச் சொல்றது. அந்தச் சீட்டுகளைச் சேர்த்து வெச்சாலே போதும், எந்த ஆப்பும் வேண்டாம்.

பதில் 2:
முகவரிப் பதிவுத் தாளை "பொலாந்தே" என்பாங்க. அகராதியில் தேடினால் கார் ஸ்டீயரிங் வரும், பயப்படாதீங்க! "தெர்த்திஃபிகாதோ" கேட்டால் மட்டும் கையெழுத்தோடு வர்ற முறையான சான்றிதழ்.

இன்னொண்ணு, "தீயாஸ் ஆபிலெஸ்". குறையைச் சரிசெய்ய 10 நாள்னு எனக்குக் கடிதம் வந்தது. காலண்டரில் விரல் வெச்சு எண்ணி, நாளையோடு முடியுதுன்னு ராத்திரி முழுக்கத் தூங்கலை. வேலை நாள் மட்டும்தான் கணக்காம். 2015-ஆம் ஆண்டின் 39-ஆம் எண் சட்டப்படி சனிக்கிழமையும் சேராது. கடிதம் கிடைச்ச மறுநாளிலிருந்து எண்ணணும்.

பதில் 3:
"அப்பெயீதோ" குடும்பப் பெயர். இவங்களுக்கு ரெண்டு உண்டு, அதனால் படிவத்தில் ரெண்டு கட்டம். கட்டம் இருக்கேன்னு இனிஷியலை நீட்டி நிரப்பாதீங்க. பாஸ்போர்ட்டில் உள்ளபடி மட்டும் எழுதுங்க, ரெண்டாவது காலியாக இருக்கட்டும்.

கேட்டவர்:
இன்னிக்குக் காலையில் கட்டிட்டேன். ஒரு தாளை பேங்கில் வெச்சுக்கிட்டாங்க, மத்ததில் முத்திரை குத்திக் கொடுத்தாங்க. நன்றிங்க. இந்தத் தடவை "ஃபால்தா ஆல்கோ மாஸ்?" (வேற ஏதாவது குறையுதா?)னு நானே முதலில் கேட்டுடப் போறேன்.

பதில் 1:
அருமை. கைரேகை வெச்சதும் "ரெஸ்குவார்தோ"ன்னு ஒரு தாள் தருவாங்க. அட்டை வாங்கப் போகும்போது அதைக் கேப்பாங்க, தொலைச்சிடாதீங்க.