ஒற்றை மூலக்கூறை இழுக்கும்போது இரண்டாம் விதி என்னவாகிறது?

தேடல் எழுதியது:

முதுகலை இயற்பியலில் புள்ளியியல் இயற்பியல் படித்துக்கொண்டிருக்கிறேன். நிலையான வெப்பநிலையில் ஓர் அமைப்பை ஒரு சமநிலையிலிருந்து வேறொரு சமநிலைக்குக் கொண்டுசெல்ல நாம் செய்யும் வேலை, அவ்விரு நிலைகளின் கட்டிலா ஆற்றல் (free energy, வேலையாக மாற்றக்கூடிய ஆற்றல்) வேறுபாட்டைவிடக் குறைவாக இருக்க முடியாது என்பதை வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியின் ஒரு வடிவமாக வகுப்பில் படித்தோம். ஆனால் ஒற்றை ஆர்என்ஏ மூலக்கூறை இழுத்துப் பிரிக்கும் சோதனைகளில், சில இழுப்புகளுக்கு அந்த வேறுபாட்டைவிடக் குறைந்த வேலையே செலவாகிறது. 2002-இல் கான்பராவின் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தார் நீரில் மிதக்கும் ஒரு நுண்மணியைக் கொண்டு செய்த ஆய்வின் தலைப்பிலேயே, சிறிய அமைப்புகளில் இரண்டாம் விதி மீறப்படுவதாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

"அது புள்ளியியல் விதி, சராசரிக்குத்தான் பொருந்தும்" என்று பேராசிரியர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அது போதவில்லை. தனித்தனி இழுப்புகள் விதியை மீறலாம் என்றால், அவை எந்த அளவுக்கு மீறலாம் என்பதற்கு வரம்பு ஏதேனும் உண்டா? அப்படி மீறும் இழுப்புகளை மட்டும் பொறுக்கியெடுத்து ஓர் எந்திரத்தை ஓட்ட முடியாதா? ஜார்சின்ஸ்கி சமன்பாட்டைப் பாடநூலில் பார்த்தேன். வரிவரியாகத் தருவிக்க முடிகிறது, ஆனால் வேகவேகமாக இழுத்து எடுத்த அளவீடுகளிலிருந்து சமநிலைக்குரிய ஓர் அளவு எப்படி வெளிவருகிறது என்பது பிடிபடவில்லை.

ஒளியிடுக்கி எழுதியது:

பேராசிரியர் சொன்னது சரிதான். அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: சராசரியைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் தனி அளவுகளும் கட்டுப்பாடற்றவை அல்ல, அவற்றைக் கட்டுவது ஒரு சமன்பாடு. இது 1990-களில்தான் தெளிவாயிற்று.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். போல்ட்ஸ்மன் மாறிலியை அறை வெப்பநிலையால் பெருக்கினால் ஏறக்குறைய 4.1 பைக்கோநியூட்டன் நானோமீட்டர் கிடைக்கும். இதை இங்கே 'வெப்ப அலகு' என்று குறிப்பிடுகிறேன். 15 பைக்கோநியூட்டன் விசையில் ஒரு மூலக்கூறு 20 நானோமீட்டர் நீண்டால் செய்யப்பட்ட வேலை 300 பைக்கோநியூட்டன் நானோமீட்டர், அதாவது எழுபத்துச் சொச்சம் வெப்ப அலகுகள். சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளின் மோதலால் இந்த வேலை ஒவ்வொரு முறையும் ஓரிரு அலகு கூடவோ குறையவோ செய்யும், அந்த வேறுபாடு கருவியில் பளிச்சென்று தெரியும். ஒரு கிலோ எடையை ஒரு சென்டிமீட்டர் உயர்த்துவதற்கு 10-இன் 19-ஆம் அடுக்கு என்ற வரிசையில் வெப்ப அலகுகள் தேவைப்படுகின்றன. அங்கேயும் ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதைக் காண எந்தத் தராசாலும் ஆகாது.

நீங்கள் குறிப்பிடும் ஆர்என்ஏ சோதனை 2002-இல் பெர்க்லியில் கார்லோஸ் புஸ்தமாந்தே குழுவினர் செய்தது. மூலக்கூறின் இரு முனைகளிலும் நீண்ட இழைகளைக் கைப்பிடிபோல இணைத்து, ஒவ்வொரு கைப்பிடியின் நுனியிலும் ஒரு நுண்மணியை ஒட்டினார்கள். ஒரு மணியை லேசர் ஒளி பிடித்துக்கொள்ளும். மற்றொன்றை ஒரு நுண்குழாய் உறிஞ்சிப் பிடித்திருக்கும், அந்தக் குழாயை நகர்த்தினால் மூலக்கூறு இழுபடும். மெல்ல இழுத்தபோது, பிரியும்போதும் மீண்டும் மடியும்போதும் விசை ஒரே பாதையில் சென்றது, ஆகவே அது மீள் நிகழ்வு. நொடிக்கு 34, 52 பைக்கோநியூட்டன் என்று விசையை ஏற்றி வேகமாக இழுத்தபோது இரு பாதைகளும் விலகின, ஆற்றல் விரயமானது. சராசரி வேலை கட்டிலா ஆற்றல் வேறுபாட்டைவிட மிகுந்தே இருந்தது, அதாவது விதி நின்றது. ஆனால் ஒவ்வோர் இழுப்பின் வேலையையும் வெப்ப அலகில் எழுதி, அதன் எதிர்மறையை அடுக்காக வைத்து, அந்த அடுக்குக்குறி மதிப்புகளின் சராசரியை எடுத்து, அதன் மடக்கையின் குறியை மாற்றியபோது, மெல்ல இழுத்துப் பெற்ற கட்டிலா ஆற்றல் வேறுபாடே அரை வெப்ப அலகுக்குள் திரும்பக் கிடைத்தது. கிறிஸ்டோபர் ஜார்சின்ஸ்கி 1997-இல் எழுதிய சமன்பாடு சொல்வது இதைத்தான். இழுக்கும் வேகத்துக்கு அதில் இடமே இல்லை.

உங்கள் முதல் கேள்விக்கும் இதிலிருந்தே விடை வருகிறது. அடுக்குக்குறிச் சார்பின் வளைவைக் கருதி ஜென்சன் சமனின்மையை (இத்தகைய வளைவுள்ள சார்பின் சராசரி, சராசரியில் அச்சார்பின் மதிப்பைவிடக் குறையாது) பயன்படுத்தினால், சராசரி வேலை கட்டிலா ஆற்றல் வேறுபாட்டைவிடக் குறையாது என்ற வகுப்பறைப் பாடம் ஒரே வரியில் வந்துவிடும். மேலும் ஒரு படி சென்றால், ஓர் இழுப்பில் பத்து வெப்ப அலகுகளுக்கு மேல் 'மிச்சம்' பிடிப்பதற்கான நிகழ்தகவு 22,000-இல் ஒன்றைத் தாண்டாது என்றும் கிடைக்கும். எந்த மூலக்கூறு, எந்த வேகம் என்ற கேள்வியே எழாமல் இந்த வரம்பு பொருந்துவதுதான் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

கணக்கன் எழுதியது:

ஒளியிடுக்கி சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் இச்சமன்பாட்டைப் படித்ததும் 'இனி எவ்வளவு வேகமாக இழுத்தாலும் கவலையில்லை' என்று நினைத்துவிடக் கூடாது; நடைமுறையில் அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

வேலையின் பரவலை இயல்நிலைப் பரவலாக எடுத்துக்கொள்வோம். அப்போது ஜார்சின்ஸ்கி சமன்பாட்டின்படி, சராசரி விரயம் (கட்டிலா ஆற்றல் வேறுபாட்டுக்கு மேல் சராசரியாகச் செலவாகும் வேலை), வெப்ப அலகில் எழுதிய விலக்க வர்க்கச் சராசரியில் (திட்ட விலக்கத்தின் வர்க்கத்தில்) சரிபாதியாக இருந்தே தீர வேண்டும். சராசரி விரயம் 2 அலகு என்றால் திட்ட விலக்கமும் 2, எனவே நூறு இழுப்புகளில் சுமார் பதினாறு, கட்டிலா ஆற்றல் வேறுபாட்டுக்குக் கீழே விழும். விரயம் 8 ஆனால் நூறில் இரண்டுதான் விழும். விரயம் 50 என்றால் ஒரு கோடி இழுப்புகளில் மூன்று. பிரச்சினை என்னவென்றால், அடுக்குக்குறிச் சராசரியில் கனம் முழுவதும் அந்த அரிய இழுப்புகளிடமே இருக்கிறது. கேரள லாட்டரியின் பம்பர் குலுக்கலில் ஒரு சீட்டுக்குச் சராசரியாக எவ்வளவு பரிசு என்பதைத் தெருவில் எதிர்ப்பட்ட இருபது பேரை விசாரித்துக் கணக்கிட்டால் என்ன விடை வருமோ, விரயம் மிகுந்த சோதனையில் இருபது இழுப்புகளை வைத்துச் சமன்பாட்டில் போட்டால் வரும் விடையும் அத்தகையதே. சமன்பாட்டில் குற்றமில்லை, மாதிரியில் முதல் பரிசு அகப்படவில்லை, அவ்வளவுதான். பெர்க்லி சோதனை வெற்றி பெற்றதற்கு அங்கே விரயம் ஒரு சில அலகுகளாக மட்டுமே இருந்தது முக்கியக் காரணம்.

அதனால்தான் நான் கவின் குரூக்ஸ் 1999-இல் தந்த தொடர்பையே விரும்புகிறேன். பிரிக்கும் திசையில் ஒரு வேலைப் பரவலையும், அதே நிரலைத் தலைகீழாக ஓட்டி மடிக்கும் திசையில் மற்றொரு பரவலையும் எடுத்து, இரண்டாவதன் குறியை மாற்றி ஒரே வரைபடத்தில் வரைந்தால், இரு வளைவுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியே கட்டிலா ஆற்றல் வேறுபாடு. 2005-இல் ஆர்என்ஏ மூலக்கூறுகளில் இதைச் செய்து காட்டினார்கள். வளைவுகளின் வால் நுனியை நம்பியிருக்க வேண்டியதில்லை, வெட்டும் இடத்தில் போதிய தரவு இருந்தால் போதும்.

இன்னொன்று. 'வேலை' என்பதை எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்பதில் மிகவும் கவனம் தேவை. விசையை மூலக்கூறின் நீட்சியால் பெருக்கித் தொகையிடுவதுதான் கைப்பழக்கத்தில் வரும். ஜார்சின்ஸ்கியின் வேலை அதுவல்ல. நம் கட்டுப்பாட்டில் இருப்பது எதுவோ, அதாவது மணியைப் பிடித்திருக்கும் லேசர் பொறியின் மையமோ நுண்குழாயோ, அதன் இடப்பெயர்ச்சியால் விசையைப் பெருக்கித் தொகையிட வேண்டும். நீட்சி தானே அலைபாயும் ஓர் அளவு, அதை நாம் கட்டுப்படுத்துவதில்லை.

கான்பரா ஆய்வின் தலைப்பைப் பற்றியும் ஒரு சொல். 6.3 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள மணியை ஒளிப்பொறி நீரில் இழுத்துச் செல்கிறது. சில நேரங்களில் மணி பொறியைப் பின்தொடராமல் முந்திச் செல்கிறது, இரண்டு நொடிக்கும் மேலாக அத்தகைய பாதைகள் தென்பட்டன. அருமையான சோதனை. ஆனால் அவர்கள் உறுதிப்படுத்தியது ஏற்ற இறக்கத் தேற்றத்தை, அதாவது இத்தகைய எதிர்த்திசைப் பாதைகள் வழக்கமானவற்றோடு ஒப்பிட எந்த விகிதத்தில் தோன்றும் என்று சொல்லும் தேற்றத்தை. அந்தத் தேற்றமே முன்கூட்டிச் சொன்ன விகிதத்தில் அவை தோன்றியதை 'மீறல்' என்பது, என் பார்வையில், செய்தித்தாளுக்கு ஏற்ற சொல்.

பேயோட்டி எழுதியது:

எந்திரம் பற்றிய கேள்வியை இருவரும் எனக்கென்றே விட்டுவைத்தார்கள் போலும். பொறுக்கியெடுக்கலாமே என்பது மேக்ஸ்வெல் 1867-இல் எழுப்பிய கேள்விதான், மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வேகமானவற்றையும் மெதுவானவற்றையும் பிரிக்கும் அவருடைய கற்பனைப் 'பேய்' செய்ய வேண்டியதும் அதுவே.

இழுத்து முடித்த பிறகு 'இது நல்ல இழுப்பு' என்று தெரிந்துகொள்வதில் பயனில்லை, ஏனென்றால் மோசமான இழுப்புகளுக்கான வேலையையும் அதற்குள் செலவழித்திருப்பீர்கள். நடுவிலேயே அளந்து, அளவீட்டுக்கு ஏற்ப அடுத்த அடியை மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் உண்மையிலேயே ஆதாயம் கிடைக்கும்: லியோ சிலார்ட் 1929-இல் கற்பனை செய்த ஒற்றை மூலக்கூறு எந்திரத்தில், மூலக்கூறு பெட்டியின் எந்தப் பாதியில் இருக்கிறது என்று அறிந்தால் அதிகபட்சம் 0.69 வெப்ப அலகு வேலையை எடுக்கலாம். 2010-இல் ஜப்பானில் இது வெறும் கற்பனையாக இல்லாமல் போயிற்று. ஒட்டிக்கொண்ட இரு நுண்மணிகளின் சுழற்சியைக் கேமராவில் கண்காணித்து, அவை வெப்ப அசைவால் மேட்டை நோக்கித் திரும்பிய தருணங்களில் மின்னழுத்தத்தை மாற்றி, பின்னால் சரிந்துவிடாமல் தடுத்தார்கள். படிப்படியாக மணிகள் மேலேறின. பெற்ற தகவலில் 28 விழுக்காடு ஆற்றலாக மாறியது.

இதற்கான விலையை ரால்ஃப் லாண்டவர் 1961-இல் கணக்கிட்டார்: ஒரு பிட் நினைவை அழிக்கச் சராசரியாகக் குறைந்தது அதே 0.69 வெப்ப அலகு, அறை வெப்பநிலையில் சுமார் 2.9-ஐ 10-இன் 21-ஆம் அடுக்கால் வகுத்த அளவு ஜூல், வெப்பமாக வெளியேறியாக வேண்டும். 2012-இல் பிரான்சின் லியோன் நகரில் இரட்டைப் பள்ளத்தில் பிடித்துவைத்த சிலிக்கா மணியை ஒரு பிட்டாகக் கொண்டு இதை அளந்தார்கள். அழிக்கும் வேகத்தைக் குறைக்கக் குறைக்கச் சராசரி வெப்பம் அந்த வரம்பை நெருங்கியது, அதற்குக் கீழே இறங்கவில்லை. தனித்தனி முறைகளில் மட்டும் சில வரம்புக்குக் கீழே இருந்தன. பேயின் ஏடு நிரம்பியதும் அதைத் துடைத்தாக வேண்டும், துடைக்கும்போது ஆதாயமும் போய்விடும்.

தேடல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. லாட்டரி எடுத்துக்காட்டால் அடுக்குக்குறிச் சராசரி பிடிபட்டுவிட்டது. ஒரு துணைக் கேள்வி: எங்கள் நூலகத்தில் டெரல் ஹில் 1960-களில் எழுதிய, 'சிறிய அமைப்புகளின் வெப்ப இயக்கவியல்' என்றே பொருள்படும் தலைப்புள்ள நூல் இருக்கிறது. இவற்றையெல்லாம் அதில் படிக்கலாமா?

ஒளியிடுக்கி எழுதியது:

படியுங்கள், ஆனால் இந்தக் கேள்விக்காக அல்ல. ஹில் எடுத்துக்கொண்டது சமநிலையிலேயே இருக்கும் சிறிய அமைப்புகளை. துகள்களை இருமடங்காக்கினால் ஆற்றலும் இருமடங்காகும் என்ற வழக்கமான அனுமானம், பரப்பில் இருக்கும் அணுக்களின் பங்கு பெரிதாகும்போது பொய்த்துப்போகிறது. அப்போது வெப்பநிலை, அழுத்தம், வேதியழுத்தம் மூன்றும் தனித்தனியாக மாற இயலும், அதற்குத் தக்க கூடுதல் மாறி ஒன்றை அவர் சேர்த்தார். 1064 டிகிரி செல்சியசில் உருகும் தங்கம், சில நானோமீட்டர் துகளாகும்போது பல நூறு டிகிரி குறைவிலேயே உருகுவது போன்றவை அந்தப் பக்கத்துச் செய்திகள்.

உங்களுக்கு இப்போது வேண்டியது ஒரு சிறு கணினிப் பயிற்சி. சுருள்வில் போன்ற பொறியில் இருக்கும் ஒரு மணியைச் சமநிலையில் தொடங்கி, பொறியைச் சீரான வேகத்தில் நகர்த்துங்கள். மணியின் நிறை முடுக்கத்தைப் புறக்கணித்து, பாகுநிலை இழுப்பையும் தற்செயல் உதைகளையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கான்பரா சோதனையும் அடிப்படையில் இதுதான். பொறி இடம் மாறுகிறதே தவிர உருவம் மாறுவதில்லை, ஆகவே கட்டிலா ஆற்றல் வேறுபாடு சுழி, வேலைப் பரவல் துல்லியமாக இயல்நிலைப் பரவல். எனவே வெப்ப அலகில் விலக்க வர்க்கச் சராசரி, சராசரி வேலையைப் போல இருமடங்காக வர வேண்டும். அப்படி வரவில்லை என்றால், நேர இடைவெளியைக் குறைப்பதற்கு முன்பாக, கணக்கன் எச்சரித்தபடி விசையைப் பொறியின் இடப்பெயர்ச்சியால் பெருக்கினீர்களா, மணியின் இடப்பெயர்ச்சியால் பெருக்கினீர்களா என்று பாருங்கள்.