கிட் எஃப்எஸ்சிகே: பழுதை எண்ணில் சொல்வதா, வரியில் சொல்வதா?

பின்னிரவு:
தினமும் இரவு 2 மணிக்கு கிட் (நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் மென்பொருள்) தரும் எஃப்எஸ்சிகே என்ற சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டி, சரியாக இருந்தால்தான் பேக்கப் எடுப்பேன். முந்தாநாள் எக்ஸிட் கோட் (கட்டளை முடியும்போது தரும் எண்; 0 என்றால் பழுதில்லை) 2 வந்திருக்கிறது. என் ஸ்கிரிப்டில் "1 வந்தால் நிறுத்து" என்று மட்டும் எழுதியிருந்தேன். உடைந்த ரெப்போ (கிட் எல்லாவற்றையும் சேமிக்கும் களஞ்சியம்) நல்ல பேக்கப்பின் மேலேயே ஏறிவிட்டது. சோர்ஸைத் திறந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது: ஆப்ஜெக்ட் (கிட் சேமிக்கும் தரவுத் துண்டு) கெட்டால் 1, தேவையான ஆப்ஜெக்ட் காணாமல் போனால் 2, பேக் கோப்பு (பல ஆப்ஜெக்ட்களை ஒன்றாக அடைத்தது) கெட்டால் 4, ரெஃப் (கிளைப் பெயர் போன்ற சுட்டி) கெட்டால் 8. பல பழுது இருந்தால் சேர்த்து ஒரே எண்ணாக வரும். 0 அல்லது 1 போதாதா? கிட் போன்ற இன்னொரு மென்பொருளான மெர்க்கூரியலின் வெரிஃபை கட்டளை அப்படித்தானே சொல்கிறது?

கட்டளைவரி:
பேக்கப் போனது வருத்தமாக இருக்கிறது. ஆனால் 0 தவிர எது வந்தாலும் தோல்வி என்றுதான் ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். பழுதுக்கு ஒரு பிட் (1, 2, 4, 8 போன்ற தனி எண்) என்று பிரித்துச் சொல்வதில் பலன் உண்டுங்க. 4 வந்தால் நான் முதலில் டிஸ்க்கைத்தான் சந்தேகப்படுவேன். 2 மட்டும் என்றால், வேறொரு குளோனில் (ரெப்போவின் நகல்) அந்த ஆப்ஜெக்ட் கிடைக்கிறதா என்று தேடுவேன். எல்லாமே 1 என்று வந்தால் இரண்டு மணிக்கு எழுந்தவன் எங்கே போய்த் தொடங்குவான்?

பின்னிரவு:
எந்த ஆப்ஜெக்ட் என்று எண் சொல்வதில்லையே! அதற்கு அச்சாகும் வரிகளைத்தான் படிக்க வேண்டும். அங்கே 'மிஸ்ஸிங் ப்ளாப்' (கோப்பின் உள்ளடக்கம் காணவில்லை) என்று ஒரு வரி, பக்கத்தில் அந்த ஆப்ஜெக்டின் அடையாளமான 40 எழுத்து ஹாஷ். அதற்கு மேலும் கீழும் 'டாங்ளிங் கமிட்' (எதுவும் சுட்டாமல் தனித்து நிற்கும் மாற்றப் பதிவு) வரிகள். அவை பழுதே இல்லை, அவை மட்டும் வந்தால் கோட் 0தான். சர்வரின் மொழியை மாற்றினால் 'மிஸ்ஸிங்' என்ற சொல்லே மொழிபெயர்ந்து வரும், சொல் தேடும் கிரெப் கட்டளை ஒன்றையும் பிடிக்காது. எஃப்எஸ்சிகே அச்சிடுவதை கிரெப்புக்கு அனுப்ப பைப் போட்டால், பைப்ஃபெயில் (முதல் கட்டளையின் தோல்வியையும் கணக்கில் எடுக்கும் அமைப்பு) வைக்காதவரை எக்ஸிட் கோடும் கிரெப்புடையதாகிவிடும். கிட்டின் ஸ்டேட்டஸ் கட்டளைக்கு போர்சலின் என்று ஸ்கிரிப்ட் படிக்க மாறாத வடிவம் இருப்பதுபோல இதற்கும் நிலையான வடிவம் ஒன்று வேண்டும்.

முனையம்:
பிட்டுக்கும் இடம் தீர்ந்துவிட்டது. கிட் வேகத்துக்காக வைத்திருக்கும் துணைக் கோப்புகளில் கமிட் கிராஃபுக்கு 16, மல்டி பேக் இண்டெக்ஸுக்கு 32, பேக்கின் ரிவர்ஸ் இண்டெக்ஸுக்கு 64, பிட்மேப்புக்கு 128 போய்விட்டன. எக்ஸிட் கோட் மொத்தமே 255 வரைதான். அந்த 128-ஐத்தான் கிட் பாதியில் விழும்போதும் தருகிறது. மீதி எதுவும் இல்லை. அப்புறம் இன்னொன்று: லினக்ஸில் கோப்பு முறைமைக்கான எஃப்எஸ்சிகேயும் பிட்டுகளைத்தான் தருகிறது. அங்கே 1 என்றால் பிழையைத் திருத்தியாயிற்று என்று பொருள், திருத்தாமல் விட்டால்தான் 4. ஒரே பெயர், 1-க்கு நேரெதிர் அர்த்தம். அந்தப் பழக்கத்தில் கிட்டுக்கு ஸ்கிரிப்ட் எழுதுபவர் கெட்ட ஆப்ஜெக்டைச் சரியானது என்று விட்டுவிடுவார்.

கட்டளைவரி:
நிலையான வடிவம் வரட்டும், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பிட்டை எடுக்காதீர்கள். 4-ஐப் பார்த்து டிஸ்க் மாற்றும் ஸ்கிரிப்ட் என்னிடமே இரண்டு ஓடுகின்றன.

பின்னிரவு:
"0 இல்லையென்றால் நிறுத்து" என்று இன்று மாற்றிவிட்டேன், பேக்கப்பும் இனி ஏழு நாளுக்கு ஏழு கோப்புறை. காணாமல் போன ப்ளாப் ஒரு நண்பரின் மடிக்கணினியில் இருந்த குளோனில் கிடைத்தது. ஆனால் அதன் ஹாஷை நான் கண்ணால் தேடித்தான் எடுத்தேன்.