இணையச் சட்டமூலத்தை ஹட்டனில் இருந்து எதிர்க்க முடியுமா?

கேள்வி – டிக்கோயா தம்பி:
2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் (இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்துகிற சட்டம்) நிறைவேறியதிலிருந்து எங்கள் தோட்ட வாட்ஸ்அப் குழுவில் பாதிப்பேர் வாயே திறப்பதில்லை. சம்பளத் துண்டைப் படம் எடுத்துப் போட்டாலும் பெயரை விரலால் மறைத்துத்தான் எடுக்கிறார்கள். நாளைக்கு யார் என்ன எழுதினார் என்று தோண்டுகிற சட்டமூலம் ஒன்று வந்தால் நாங்கள் என்ன செய்வது?

பதில் – கொட்டகலை அண்ணன்:
தம்பி, வர்த்தமானியைக் கவனியுங்கள், தமிழிலும் வரும். சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் (அலுவல் பட்டியலில்) ஏறியதும் எந்தக் குடிமகனும் அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம், ஆனால் தவணை கொஞ்ச நாள்தான், சட்டமாகிவிட்டால் பிறகு அது செல்லுமா என்று கேட்கவே முடியாது. நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்துக்கு எதிராக 2023இல் பல மனுக்கள் போனதால்தான் நிறையப் பிரிவுகளைத் திருத்தச் சொன்னது நீதிமன்றம்.

பதில் – நானுஓயா:
சரி, கொழும்புக்குப் போய் வழக்காட யாரிடம் காசு? தொழிற்சங்கத்தைப் பிடியுங்கள், சந்தாவை மட்டும் மாதாமாதம் வெட்டுகிறார்களே!

பதில் – டிக்கோயா தம்பி:
அது உண்மை அண்ணே. ஞாயிற்றுக்கிழமை தலைவரிடம் கேட்கிறேன்.