ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350: 80 கி.மீ. வேகத்துக்கு மேல் நடுக்கம். சரி பண்ணலாமா, புது இன்ஜினுக்கே போயிடலாமா?

பைபாஸ்_ரைடர்:
வண்டி 2014 கிளாசிக் 350, யு.சி.இ. (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் வரும் பழைய தலைமுறை) இன்ஜின், கார்புரேட்டர் மாடல். டாப் கியரில் 75, 80ஐத் தாண்டினால் ஹேண்டில் பார், ஃபுட்ரெஸ்ட் ரெண்டிலும் நடுக்கம். கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்றே தெரியாது. ஆயில், பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் புதுசு.

சந்தேகம் ரெண்டு. இது இந்த இன்ஜினின் சுபாவமா, இல்லை ஏதாவது தேய்மானமா? அடுத்தது, மாற்றுவது என்று முடிவெடுத்தால் ராயல் என்ஃபீல்டிலேயே புது 350 எடுக்கலாமா? பெயிண்டும் ஸ்டிக்கரும் தவிர நிஜமாகவே ஏதாவது மாற்றியிருக்கிறார்களா?

எட்டுக்குப்பத்து ஸ்பேனர்:
முதலில் நடுக்கம் இன்ஜினிலிருந்தா, சக்கரத்திலிருந்தா என்று பிரிங்க ப்ரோ. காலி ரோட்டில் 80ல் போகும்போது கிளட்சைப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு உருட்டுங்க. சட்டென்று அடங்கினால் இன்ஜின். அப்படியே தொடர்ந்தால் சக்கரம், செயின், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) பக்கம் போகணும்.

இன்ஜின் என்றால் மவுண்ட் போல்ட்கள்தான் முதல் சந்தேகம். இந்த மாடலில் ஃபிரேமின் அடிப்பாகமே இன்ஜின்தான், அதனால் ஒரு போல்ட் லூஸானாலும் வண்டி முழுக்கத் தெரியும். எல்லாவற்றையும் டார்க் ரென்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து முறுக்கச் சொல்லுங்க, கைக்கணக்கு வேண்டாம். சைலன்சர் கிளாம்ப், ஹேண்டில் பார் கிளாம்ப் போல்ட்களையும் அதோடு பார்க்கணும்.

சக்கரம் என்றால் நடு ஸ்டாண்டு போட்டு ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டுங்க. டைட்டானது 'டிங்' என்னும், லூஸானது 'டொக்' என்னும். ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலை அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால் கோட்டம் தெரியும். 2 மி.மீ.க்கு மேல் ஆடினால் டிரூயிங் செய்யணும், அதாவது ஸ்போக்குகளை முறுக்கிக் கோட்டம் எடுக்கணும். முன்சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்க. 'கடக்' என்றால் கோன் செட். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் ஆட்டம் இருக்கிறதா? அப்படியென்றால் ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ் தேய்ந்திருக்கு.

செயினை ஒரே இடத்தில் பார்த்து விட்டுவிடாதீங்க. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் தொய்வு பாருங்க. 25லிருந்து 30 மி.மீ. இருக்கணும். ஒரு இடத்தில் விறைப்பு, இன்னொரு இடத்தில் தொங்கல் என்றால் அட்ஜஸ்ட் செய்து பயனில்லை. செயின், ரெண்டு ஸ்பிராக்கெட் எல்லாம் செட்டாக மாற்றணும். பின்சக்கர ஹப்புக்குள் செயினின் இழுப்பு அதிர்வைத் தாங்கும் குஷ் ரப்பரையும் அப்பவே பார்த்துடுங்க.

காஸ்ட் அயர்ன்:
மேலே சொன்னதெல்லாம் சரி தம்பி, ஆனால் அத்தனையும் செய்தாலும் பாதி நடுக்கம் மிச்சமிருக்கும். யு.சி.இ. 346 சிசி, 70 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), நடுக்கத்தை எதிர்த்துச் சமன் செய்யும் பேலன்சர் ஷாஃப்ட் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் அடிக்கும் விசையைக் கிராங்க் வெயிட் மட்டும் முழுசாகச் சமன் செய்ய முடியாது. அந்த விசை ஆர்.பி.எம்.மின் வர்க்கத்தில் ஏறும்; அதே கியரில் 60லிருந்து 90க்குப் போனால் ரெண்டே கால் மடங்கு. 60ல் சுகமாகத் தாளம் போடும் வண்டி 90ல் பல்லைக் கடிக்க வைப்பது இதனால்தான்.

ராயல் என்ஃபீல்டின் இன்னொரு 350 ஆன மீட்டியரில் 2020ல் வந்த ஜே சீரிஸ் என்னும் புது இன்ஜினை 2021ல் கிளாசிக்குக்கும் கொடுத்தார்கள். 349 சிசி, போர் 72, ஸ்ட்ரோக் 85.8 மி.மீ. வால்வுகளைக் கீழிருந்து கம்பியால் தள்ளும் புஷ்ராடு போய், மேலேயே இருந்து இயக்கும் ஓவர்ஹெட் கேம் வந்தது, கிராங்குக்கு எதிர்த்திசையில் சுற்றும் பேலன்சர் ஷாஃப்ட் வந்தது. பவர் பார்த்தால் 19.8லிருந்து 20.2 பிஎச்பிதான், பிரவுச்சரை மட்டும் படிப்பவர் "ஒன்றும் மாறவில்லை" என்றுதான் சொல்வார். ஃபிரேம் இரட்டை டவுன் டியூப், ஃபோர்க் 35லிருந்து 41 மி.மீ., முன் டிஸ்க் 280லிருந்து 300. டேங்க் வடிவத்தை மட்டும் தொடவில்லை, வாங்குபவர்கள் கேட்பது அதைத்தான்.

ஒன்று கவனிக்கணும். உங்கள் வண்டியில் ஹைட்ராலிக் டேப்பெட், ஆயில் அழுத்தமே வால்வ் இடைவெளியைச் சரி செய்துகொள்ளும், அட்ஜஸ்ட் வேலையே இல்லை. புதுசில் அந்த இடைவெளியை (வால்வ் கிளியரன்ஸ்) இன்ஜின் குளிர்ந்த நிலையில் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடு வைத்துப் பார்க்கணும். சர்வீஸில் அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

லேட்டா_வந்தாலும்:
காஸ்ட் அயர்ன் ஐயா சொல்வதில் பாதிக்குத்தான் ஒத்துப்போவேன். பேலன்சர் ஷாஃப்ட் உலகத்துக்குப் புதுசா என்ன? ஹோண்டா 2020லேயே சிபி 350ல் ஸ்லிப்பர் கிளட்ச் (கியர் குறைக்கும்போது பின்சக்கரம் உதறாமல் காப்பது), டிராக்‌ஷன் கன்ட்ரோல் (பின்சக்கரம் வழுக்கிச் சுழலாமல் காப்பது) எல்லாம் கொடுத்துவிட்டது. ராயல் என்ஃபீல்டின் ஹன்டர் 350க்கு அதே மாதிரி ஸ்லிப் அசிஸ்ட் கிளட்ச் 2025ல்தான் வந்தது. கம்பி வீலில் டியூப்லெஸ் டயர், கோவன் கிளாசிக் என்னும் மாடலுக்கு உண்டு, அதே இன்ஜின் போட்ட சாதா கிளாசிக்கில் கம்பி வீல் எடுத்தால் டியூப்தான். இதற்கெல்லாம் ஆராய்ச்சி வேண்டாம், மனசு வேண்டும்.

முடியாதவர்களும் இல்லை. 2018ல் 650 இரட்டை சிலிண்டர், 2023ல் ஹிமாலயனுக்கு லிக்விட் கூலிங், 4 வால்வ், 40 பிஎச்பி என்று செய்து காட்டியவர்கள்தான். 350ல் மட்டும் நிதானம். 2025 செப்டம்பரிலிருந்து 350 சிசி வரை ஜிஎஸ்டி 18, அதைத் தாண்டினால் 40 சதவீதம். 349ஐ விட்டு ஏன் நகரப் போகிறார்கள்?

இன்னொன்று, புது 350களில் கிக்கர் கிடையாது. பேட்டரி இறங்கினால் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்யணும். வண்டி ஓய்வில் இருக்கும்போது மல்டிமீட்டரில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் சார்ஜில் போடுங்க. உங்கள் பழைய வண்டிக்கும் இது பொருந்தும்: இறங்கிய பேட்டரியில் செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் இன்ஜின் திருப்பி உதைத்து, செல்ஃப் மோட்டாரை இன்ஜினோடு இணைக்கும் ஸ்பிராக் கிளட்ச் போய்விடும். அதை மாற்ற இடப்பக்கக் கவரைக் கழற்றணும், செலவு ஜாஸ்தி.

பைபாஸ்_ரைடர்:
கிளட்ச் டெஸ்ட் பார்த்தேன். ஹேண்டில் பார் நடுக்கம் அடங்குகிறது, ஃபுட்ரெஸ்டில் மட்டும் தொடர்கிறது. செயினில் ஒரு இடம் விறைப்பு. பழைய இன்ஜினிலேயே பேலன்சர் ஷாஃப்ட் வைக்க வழி உண்டா? ஓட்டம் பெரும்பாலும் நெடுஞ்சாலைதான், 90ல்.

காஸ்ட் அயர்ன்:
வழியில்லை தம்பி. அந்த ஷாஃப்டுக்குக் கிராங்க் கேஸில் இடம், பேரிங், கியர் எல்லாம் வார்ப்பிலேயே இருக்கணும். ஹேண்டில் பார் முனைக்கு வெயிட் போட்டால் கை மரப்பது குறையும், அவ்வளவுதான். தினமும் 90 என்றால் இந்த வண்டி உங்களுக்கானது இல்லை. 60, 70ல் போகிறவருக்கு இன்னும் நல்ல வண்டி.

எட்டுக்குப்பத்து ஸ்பேனர்:
ஃபுட்ரெஸ்டில் தொடர்வது செயினும் குஷ் ரப்பரும்தான், ரெண்டையும் மாற்றுங்க. டெஸ்ட் ரைடு போனால் ஷோரூம் தெருவோடு திரும்பிவிடாதீங்க, பைபாஸில் 90ல் பத்து நிமிஷம் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்க. லேட்டா சொன்ன ஹோண்டாவையும் அதே ரோட்டில் ஓட்டிப் பாருங்க. பழைய வண்டியை விற்பதாக இருந்தாலும் செயின் செட்டைத் தள்ளிப்போட வேண்டாம். விறைத்த செயின் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கைச் சாப்பிடும். அது போனால் இன்ஜினைப் பிரிக்கணும்.