சின்ன ஆபீசுக்கு, கையால் இயக்கும் கோம்ப் பைண்டிங் மெஷின்: எதைப் பார்த்து வாங்குவது?

தாள்கட்டு:
எங்கள் ஆபீசில் மொத்தமே நான்கு பேர். மாதக் கடைசியில் 20 ரிப்போர்ட் போகும், ஒவ்வொன்றும் சுமார் 90 தாள், எல்லாம் ஏ4. இதுவரை வெளியே கொடுத்துத்தான் பைண்டிங் போடுகிறோம். கடைசி நேரத்தில் ஒரு பக்கம் மாறினால் திரும்பவும் ஓட வேண்டியிருக்கிறது, அதனால் சொந்தமாக ஒரு கோம்ப் பைண்டிங் மெஷின் (தாள் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, சீப்பு மாதிரிப் பல் உள்ள பிளாஸ்டிக் சுருளைக் கோர்க்கிறது) வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன். கரண்டில் ஓடுவது வேண்டாம், கையால் அழுத்துவதே போதும். ஒரு மெஷினில் 300 தாள் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 450. பெரியதையே வாங்கிவிட்டால் பின்னால் தொல்லை இல்லைதானே?

ஓரவெட்டு:
அந்த 450 என்பது கோர்க்கிற கணக்கு, துளை போடுகிற கணக்கு இல்லை. 51 மி.மீ. விட்டமுள்ள கோம்ப் மாட்டினால் அவ்வளவு தாள் உள்ளே அடங்கும், அவ்வளவுதான். உங்கள் 90 தாளுக்கு 14 மி.மீ. கோம்ப் போதும், அட்டையும் சேர்த்துக் கொஞ்சம் தாராளமாக வேண்டுமென்றால் 16.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒரே அழுத்தில் எத்தனை தாளில் துளை விழும் என்பதை. அதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள், சாதாரணத் தாளை வைத்து, அதிகபட்சமாக எவ்வளவு தாங்கும் என்று சொல்கிற எண் அது. 12 என்று போட்டிருந்தால் 8, 20 என்றால் 15 என்று வைத்துக்கொண்டால்தான் துளை பிசிறில்லாமல் விழும், தோளும் பிழைக்கும். உங்கள் கணக்கையே போடுங்கள்: எட்டெட்டாக வைத்தால் ஒரு ரிப்போர்ட்டுக்கு 12 தடவை லீவரை இழுக்கணும், 20 ரிப்போர்ட்டுக்கு 240 தடவை. பதினைந்து பதினைந்தாக என்றால் சரியாகப் பாதி, 120. ஒரு மத்தியான வேலைக்கும் ஒரு நாள் வேலைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான், 300க்கும் 450க்கும் நடுவில் இல்லை.

அடுத்தது, துளையின் ஆழத்தை மாற்றுகிற திருகு இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய கோம்ப்புக்குத் துளை ஓரத்தை ஒட்டி இருக்கலாம். தடித்த கோம்ப்புக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி விழணும், இல்லாவிட்டால் நாலு தடவை புரட்டுவதற்குள் தாள் ஓரம் கிழிந்து கையோடு வந்துவிடும்.

நூல்பிரி:
கோம்ப்பே எதற்கு? கம்பி வளையம் கோர்க்கிற வயர் பைண்டிங் மெஷின் வாங்குங்கள், பார்க்கவும் நன்றாக இருக்கும், புத்தகத்தை முழுசாகப் பின்பக்கம் மடித்தும் வைக்கலாம். கோம்ப்பில் அது நடக்காது.

ஓரவெட்டு:
@நூல்பிரி அழகு விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் அவர் பிரச்சினையே கடைசி நேரத்தில் ஒரு பக்கம் மாறுவது. வயரை ஒருமுறை நெருக்கி மூடிவிட்டால் அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகத்தான் போடணும். கோம்ப் அப்படி இல்லை, திரும்ப மெஷினில் மாட்டி விரித்து, தாளை மாற்றி, மூடிவிடலாம். ஒரேயடியாக விரித்தால் மட்டும் பிளாஸ்டிக்கின் சுருள் தளர்ந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், தாள் நுழைகிற அளவுக்கு விரித்தால் போதும்.

மூலைமடிப்பு:
ஒன்றை விட்டுவிட்டீர்கள். துளை போடுகிற பின்களில் வேண்டாததைத் தனித்தனியாக வெளியே இழுத்து நிறுத்தி வைக்கிற வசதி. ஏ4 நீளத்துக்கு 21 துளை, அமெரிக்காவில் புழங்கும் லெட்டர் சைஸ் என்றால் 19. ஏ4 மட்டும்தான் என்று இப்போது சொல்வீர்கள், நாளைக்கு ஏ5இல் ஒரு கையேடு கேட்பார்கள், பின்னை நிறுத்த முடியாத மெஷினில் கடைசித் துளை பாதியாக ஓரத்தில் விழுந்து பல் உடைந்த மாதிரி இருக்கும். அதே மாதிரி, 19 துளைக்கென்றே செய்த மெஷின் குறைந்த விலையில் கிடைக்கிறதே என்று ஏ4க்கு வாங்கிவிடாதீர்கள்.

எடையையும் பாருங்கள். லேசான மெஷின் லீவரை இழுக்கும்போது மேசையில் நகரும். துளை போட ஒரு லீவர், கோம்ப்பை விரிக்க இன்னொன்று என்று தனித்தனியாக இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து செய்யும்போது வசதி, எனக்கு அதுதான் பிடிக்கும்.

தாள்கட்டு:
ரொம்ப நன்றி, நான் தப்பான எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன் போல. அப்போ 20 தாள் துளை போடுகிற, 300 தாள் கோர்க்கிற மெஷினே எங்களுக்குப் போதும். இன்னொன்று: முன்னால் போடுகிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் அட்டையையும் இதிலேயே துளைக்கலாமா?

மூலைமடிப்பு:
துளைக்கலாம். ஆனால் தாள் எண்ணிக்கையை வைத்து அதைக் கணக்குப் போடாதீர்கள். ஒரு தடவைக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. தனியாக வைத்தால் வழுக்கிக் கோணலாகப் போகும், மேலும் கீழும் ஒவ்வொரு வெற்றுத் தாள் வைத்து ஓரக் கட்டையில் நன்றாக முட்டவிட்டு அழுத்துங்கள். அப்புறம், அடியில் துண்டுக் காகிதம் விழுகிற ட்ரே இருக்கிறதே, 1800 தாள் என்றால் அது நடுவிலேயே நிரம்பிவிடும். நிரம்பினால் துண்டுகள் பின்னில் போய் அடைத்துக்கொள்ளும், லீவர் மேலே வராது, அதைக் குச்சி வைத்து நோண்டுவது பெரிய வேதனை. இரண்டு மூன்று ரிப்போர்ட்டுக்கு ஒருமுறை கொட்டிவிடுங்கள்.