அமெரிக்க நினைவு நாணயங்கள்: அறப்பணிக்கு எவ்வளவு போகிறது, எதை வாங்குவது, எப்படிக் காப்பது?

காசுப்பெட்டி (கேள்வி)

வணக்கம். அமெரிக்க அரசின் நாணயச்சாலையான யு.எஸ். மிண்ட் வெளியிடும் நினைவு நாணயங்களைச் சேகரிக்கத் தொடங்க நினைக்கிறேன். அந்நாட்டின் வரலாற்றுச் சின்னங்கள், பூங்காக்கள், படைவீரர்கள், அறிவியல் சாதனைகள் ஆகியவற்றைக் கொண்டாடும் வரிசை இது. விற்பனையில் ஒரு பங்கு அருங்காட்சியகங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் போகிறது என்பதுதான் என்னை ஈர்த்தது. தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்:

ஒரு நாணயத்துக்கு எவ்வளவு போகிறது? பழைய ஆண்டு நாணயத்தை ஏலத்தளத்தில் வாங்கினாலும் அது போகுமா? மெருகேற்றி அடித்த ப்ரூஃப் வகையை வாங்குவதா, சாதாரண மினுக்கமுள்ள அன்சர்குலேட்டட் வகையை வாங்குவதா? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? வெள்ளி கறுக்காமல் வைப்பது எப்படி?

---

அரைடாலர்

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இந்த நாணயங்கள் ஒவ்வொன்றுக்கும் அமெரிக்க காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றுகிறது. எத்தனை அடிக்கலாம், என்ன உலோகம், எந்த அமைப்புக்குப் பணம் என்பதெல்லாம் அந்தச் சட்டத்திலேயே இருக்கும். அறப்பணிக்குப் போகும் தொகைக்கு சர்சார்ஜ் என்று பெயர். அது விற்பனை விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும், தனியாகக் கட்ட வேண்டியதில்லை. இப்போதைய வழக்கமான அளவு (அரை, ஒன்று, ஐந்து என்பவை முகமதிப்பு; விற்கும் விலை அதைவிடப் பல மடங்கு): கிளாட் (செம்பு-நிக்கல் அடுக்குக் காசு) அரை டாலருக்கு 5 டாலர், வெள்ளி ஒரு டாலருக்கு 10 டாலர், தங்க ஐந்து டாலருக்கு 35 டாலர். மூன்றும் சேர்ந்த செட் வாங்கினால் 50 டாலர். 1986-இல் சுதந்திர தேவி சிலையையும் எல்லிஸ் தீவையும் புதுப்பிக்க வந்த நாணயங்களில் இது 2, 7, 35 டாலர்.

உதவி செய்வதுதான் உங்கள் முதல் நோக்கம் என்றால் கிளாட் அரை டாலரை வாங்குங்கள். செம்பும் நிக்கலும் மட்டும் உள்ள காசு என்பதால் பலர் அதை ஒதுக்குவார்கள். ஆனால் கொடுக்கும் விலையில் அறப்பணிக்குப் போகும் பங்கு தங்கக் காசைவிட அதில் மிக அதிகம். தங்கக் காசில் 35 டாலர் பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி தங்கத்தின் விலைக்கே போய்விடுகிறது.

இனி, ஏலத்தளம். அங்கே வாங்கினால் அமைப்புக்கு ஒரு சென்ட்கூடப் போகாது. மிண்ட் முதன்முதலில் விற்கும்போது ஒரே ஒருமுறைதான் சர்சார்ஜ் கணக்காகிறது. அதன் பிறகு அந்தக் காசு எத்தனை கை மாறினாலும் லாபம் விற்பவருக்கே. "இந்த நாணயம் புற்றுநோய் ஆய்வுக்கு உதவுகிறது" என்று மறுவிற்பனையாளர் எழுதியிருந்தால் அது இறந்தகாலத்தில் மட்டுமே உண்மை. மிண்ட்டில் விற்பனை பெரும்பாலும் அந்த ஆண்டின் டிசம்பர் 31 வரைதான். தொடக்க வாரங்களில் முன்பதிவு விலை சற்றுக் குறைவாக இருக்கும், அதனால் சர்சார்ஜ் குறையாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மிண்ட் தன் செலவு முழுவதையும் ஈட்டிய பிறகுதான் சர்சார்ஜைக் கொடுக்கும். பெறும் அமைப்பும் அதே நோக்கத்துக்காகத் தனியாரிடம் அதே அளவு நிதி திரட்டிக் காட்ட வேண்டும். ஆகவே விற்பனை மோசமாக இருந்தால் பணம் போய்ச் சேரும் என்பதற்கு உறுதி இல்லை. இந்தக் கட்டுப்பாடுகள் 1996-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தில் வந்தவை. 1995-96-இல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்காக மட்டும் 16 வடிவங்கள் வந்தன. ப்ரூஃப், அன்சர்குலேட்டட் இரண்டும் சேர்த்தால் 32 காசு. சேகரிப்பாளர்கள் களைத்துப்போய் வாங்குவதையே நிறுத்தினார்கள். 1999 முதல் ஆண்டுக்கு இரண்டு நிகழ்வுகளுக்கு மட்டுமே நினைவு நாணயம் என்று வரம்பு வந்தது அதனால்தான்.

முன்பும் இப்படி நடந்திருக்கிறது. முதல் நினைவு நாணயம் 1892-இன் கொலம்பியன் அரை டாலர். முகமதிப்பு 50 சென்ட், விற்றது 1 டாலருக்கு, மிச்சம் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு. அந்த முறை பரவி, ஆரிகன் டிரெயில் அரை டாலர் 1926-இல் தொடங்கி 1939 வரை விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் 1954-உடன் எல்லாம் நின்றது. மறுபடி தொடங்க 1982 ஆனது.

---

தேய்மானம்

அரைடாலர் சொன்னதை வழிமொழிகிறேன். ப்ரூஃபா அன்சர்குலேட்டடா என்பதற்கு வருகிறேன்.

ப்ரூஃப் என்பது மெருகேற்றிய அச்சில், மெருகேற்றிய தகட்டை ஒருமுறைக்கு மேல் அழுத்தி அடிப்பது. தளம் கண்ணாடிபோலவும் உருவம் பனிபடர்ந்தாற்போலவும் இருக்கும். அன்சர்குலேட்டட் அதைவிட மங்கலான, சீரான மினுக்கம். அழகுக்காக எல்லோரும் ப்ரூஃபை வாங்குவதால் அன்சர்குலேட்டட் குறைவாக விற்று, பின்னால் அதுவே அரிதாகிவிடுவது உண்டு. பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனுக்காக 1997-இல் வந்த தங்க ஐந்து டாலரில் ப்ரூஃப் 24,072, அன்சர்குலேட்டட் வெறும் 5,174. 2000-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்காக வந்த, தங்கமும் பிளாட்டினமும் சேர்ந்த பத்து டாலரில் அன்சர்குலேட்டட் 7,261. இவை இரண்டுமே வெளியீட்டு விலையைவிட நெடுந்தூரம் மேலே போனவை.

ஆனால் இதை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வழக்கமாக நடப்பது நேர்மாறு. 1986-இன் சுதந்திர தேவி ப்ரூஃப் வெள்ளி டாலர் 60 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதனால் இன்றும் அது வெள்ளியின் உருக்கு மதிப்பை (அதிலுள்ள உலோகத்தின் விலையை) ஒட்டியே கைமாறுகிறது. உருக்கு மதிப்பைக் கணக்கிட: 2018 வரை வந்த 90 விழுக்காடு வெள்ளி டாலரில் 0.773 ட்ராய் அவுன்ஸ் (ஒன்று சுமார் 31.1 கிராம்) வெள்ளி. 2019 முதல் 99.9 விழுக்காடு, அதாவது 0.858 அவுன்ஸ். வழக்கமான தங்க ஐந்து டாலரில் 0.242 அவுன்ஸ் தங்கம். அன்றைய சந்தை விலையால் பெருக்கிப் பாருங்கள். 1980, 90-களின் பொதுவான காசுகளுக்கு அதற்கு மேல் அதிகம் கேட்டால் விலகிவிடலாம்.

"முதல் வெளியீடு" என்ற வகை லேபிள் ஒட்டிய ஸ்லாபுக்கு (தரம் மதிப்பிட்டு மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறைக்கு) கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். வெளியான முதல் சில வாரங்களில், தரத்தை மதிப்பிடும் கிரேடிங் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் அதன் பொருள். அந்தக் காசு முதலில் அடித்தது என்று பொருளில்லை.

எனக்குப் பிடித்தவற்றைக் கேட்டால் 2009-இன் லூயி பிரெய்ல் வெள்ளி டாலர். பின்பக்கத்தில் விரலால் வாசிக்கக்கூடிய பிரெய்ல் எழுத்து உண்டு, சர்சார்ஜ் போனதும் பிரெய்ல் கல்விக்கே. காசும் நோக்கமும் இவ்வளவு பொருந்திய வெளியீடு வேறு இல்லை என்பேன். 2014 பேஸ்பால் நாணயமும் 2019 அப்பல்லோ 11 நாணயமும் ஒருபக்கம் குழிந்து மறுபக்கம் குவிந்தவை. அவற்றை மிண்ட் கொடுத்த கேப்ஸ்யூலிலேயே (கடினமான பிளாஸ்டிக் கூட்டிலேயே) விடுங்கள்.

---

நுண்தராசு

போலி பற்றி. 0.01 கிராம் வரை காட்டும் தராசும், விட்டமும் தடிமனும் அளக்க ஒரு வெர்னியர் காலிப்பரும் போதும்.

வெள்ளி டாலர் 26.73 கிராம், 38.1 மி.மீ. கிளாட் அரை டாலர் 11.34 கிராம், 30.6 மி.மீ. தங்க ஐந்து டாலர் 8.359 கிராம், 21.6 மி.மீ. 2018-இன் இளஞ்சிவப்புத் தங்கக் காசு மட்டும் கலவை வேறு, 85 விழுக்காடு தங்கம். அதை இந்த எடையோடு ஒப்பிடாதீர்கள்.

எடை மட்டும் பார்த்தால் போதாது. வெள்ளி முலாம் பூசிய பித்தளையும் செம்பும் வெள்ளியைவிட அடர்த்தி குறைந்தவை. எனவே விட்டம் சரியாக இருந்தால் ஒன்று எடை குறையும், அல்லது எடையைச் சரிக்கட்டத் தடிமன் கூடும். ஐயமில்லாத இன்னொரு வெள்ளி டாலரின் விளிம்புத் தடிமனோடு ஒப்பிடுங்கள். காந்தம் ஒட்டினால் போலி. ஒட்டவில்லை என்பதால் அசல் ஆகிவிடாது, பித்தளையும் ஒட்டாது. ப்ரூஃபைக் கேப்ஸ்யூலிலிருந்து எடுக்காமலே எடை போடலாம்: அதே வகை வெற்றுக் கேப்ஸ்யூலின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். காலிப்பரின் தாடையை மட்டும் ப்ரூஃபில் வைக்க வேண்டாம், கோடு விழும்.

ஸ்லாபில் இருந்தால் அதன் எண்ணை கிரேடிங் நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் காசோடு ஒப்பிடுங்கள். எண் சரியாக இருப்பது மட்டும் போதாது. உண்மையான எண்ணைப் போலி ஸ்லாபில் அச்சிடுகிறார்கள்.

போலியைவிட அதிகம் பேர் விழுவது வேறிடத்தில். "நாட்டின் பாரம்பரியத்தைப் போற்றும் தங்கமுலாம் நாணயம், வருவாயில் ஒரு பகுதி தொண்டுக்கு" என்று வரும் விளம்பரங்களில் பல, தனியார் அடித்த பதக்கங்கள். மூன்றைப் பாருங்கள்: யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற பெயர், டாலர் முகமதிப்பு, அந்த வெளியீட்டுக்கான காங்கிரஸ் சட்டம். முகமதிப்பு இருப்பது மட்டும் சான்றாகாது. குக் தீவுகள், நியுவே, லைபீரியா பெயரில் முகமதிப்போடு வரும் காசுகளும் இதே பாணியில் விற்கப்படுகின்றன. அவற்றுக்கு இந்த சர்சார்ஜ் சட்டம் பொருந்தாது. சட்டத்தின் முழு வாசகம் காங்கிரஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். சர்சார்ஜ் என்ற தலைப்பில் ஒரு பிரிவு இருக்கும், அதில் பணம் பெறும் அமைப்பின் பெயரே இருக்கும். இரண்டு நிமிட வேலை.

---

மைலார்

பாதுகாப்பு பற்றி யாரும் எழுதவில்லை, எழுதுகிறேன்.

வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். அது அட்டைப்பெட்டி, ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, சிலவகை மரம், பெயின்ட் ஆகியவற்றிலிருந்து மெல்லக் கசியும். ஈரம் கூடினால் வேகம் கூடும். அதனால் கேப்ஸ்யூலோடு காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தியோ புதிதாகவோ மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் பயனில்லை.

கந்தகத்தைவிடக் கொடியது பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். வளைந்து கொடுக்கும் மென்மையான ஆல்பப் பக்கங்களும் பைகளும் பெரும்பாலும் அதுதான். அதை இளக்கச் சேர்த்த எண்ணெய் நாளடைவில் கசிந்து, பிளாஸ்டிக் சிதையும்போது அமிலமும் வெளிவந்து, காசின்மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். விட்டால் உலோகத்தையே அரிக்கும். மைலார் என்ற பிளாஸ்டிக் தாள் மொடமொடவென்று இருக்கும், கெடுதல் செய்யாது. ஆனால் அதன் ஓரம் ப்ரூஃபைக் கீறும். ஆகவே ப்ரூஃபுக்குக் கடினமான கேப்ஸ்யூல்தான்.

பச்சைப் பிசுக்கு வந்துவிட்டால் தூய அசிட்டோன் உதவும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் சேர்த்திருப்பார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிச் சில நிமிடம் ஊறவிட்டு, இன்னொரு கிண்ணத்தில் புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, ஓரத்தில் நிறுத்தித் தானாக உலரவிடுங்கள். தேய்க்கவே கூடாது. சன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு கூடாது.

கறுப்பை எடுக்க விற்கும் வெள்ளி டிப்பை (காசை முக்கி எடுக்கும் திரவத்தை) தொடாதீர்கள். அது கறையோடு வெள்ளியின் மெல்லிய படலத்தையும் கரைக்கிறது, ப்ரூஃபின் கண்ணாடித் தளம் மங்கிவிடும். இயற்கையாக வந்த நிறமாற்றம் குறையல்ல, தேய்த்த தடம்தான் குறை.

2019-க்குப் பிந்தைய தூய வெள்ளியில் பால்துளிபோல் வெள்ளைப் புள்ளி வரலாம். தகட்டைக் கழுவும்போது மீந்த கசடு, பதப்படுத்தும் சூட்டில் படிந்து, பிறகு வெளிப்படுவது என்பதுதான் பரவலான விளக்கம். காசைக் கெடுக்காமல் அதை எடுக்க வழியில்லை.

---

காசுப்பெட்டி

மிக்க நன்றி, இவ்வளவு தெளிவை எதிர்பார்க்கவில்லை. இரண்டு ஐயம். 2020 கூடைப்பந்து வெள்ளி டாலரில் வண்ணம் பூசிய வகை உண்டல்லவா, அதற்கும் அசிட்டோன் ஆகுமா? பெட்டியும் சான்றிதழும் இடத்தை அடைக்கின்றன. வைத்தே ஆக வேண்டுமா?

---

மைலார்

வண்ணக் காசுக்கு அசிட்டோன் கூடவே கூடாது, வண்ணம் கரைந்துவிடும். அதைக் கேப்ஸ்யூலை விட்டு எடுக்காமல் இருப்பது ஒன்றே காப்பு. வெயிலும் படக்கூடாது.

பெட்டியையும் சான்றிதழையும் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் விற்கும்போது அவை இல்லாத காசுக்கு விலை குறைப்பார்கள். ஆனால் காசை அதே பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. பெட்டியின் அட்டையும் துணியும் கந்தகம் கசியும் இடங்களே. கேப்ஸ்யூலை மட்டும் காற்றுப்புகாப் பெட்டிக்கு மாற்றி, எது எந்தப் பெட்டிக்குரியது என்று எண் போட்டுக் குறித்து வையுங்கள். எடுக்கும்போது விளிம்பைப் பிடியுங்கள், கீழே மெத்தென்ற துணி விரித்திருக்கட்டும். திறந்த காசின்மேல் குனிந்து பேசாதீர்கள். எச்சில் துளி பட்ட இடம் பிறகு கரும்புள்ளியாகும்.

---

அரைடாலர்

ஒரு சேர்க்கை. உதவும் நோக்கம் முதன்மை என்றால் ஆஸ்திரேலியாவின் டொனேஷன் டாலரையும் பாருங்கள். 2020-இல் வந்தது, நாட்டவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று என்ற கணக்கில் 2.5 கோடி அடிக்கத் திட்டமிட்டார்கள். சாதாரணப் புழக்கக் காசு, சர்சார்ஜ் இல்லை. கையில் வந்தால் தானம் செய் என்பதே அதன் ஏற்பாடு. அதைச் சேகரித்துப் பூட்டுவது அதன் நோக்கத்துக்கே எதிர். ஒன்றை வைத்துக்கொண்டால், அதற்கு ஈடாக ஒரு டாலரை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.