கிரீன்பெர்க்கா, கோஃபாக்ஸா? ஆடாமல் விட்ட ஆட்டம் பற்றி ஒரு சண்டை

நைட்ஷிப்ட்: பேஸ்பால் ஆடிய யூதர்களில் முதலிடம் சாண்டி கோஃபாக்ஸுக்குத்தான். 1965 உலகத் தொடரின் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் இறுதித் தொடர்) முதல் ஆட்டம் யோம் கிப்பூர் அன்று வந்தது. யூதர்கள் நாள் முழுக்க நோன்பிருக்கும் பாவமன்னிப்பு நாள். டாட்ஜர்ஸ் அணியின் முதல்தர பிட்சர், அதாவது பந்துவீச்சாளர் அவர், அன்றைக்கு வீசமாட்டேன் என்று ஒதுங்கிவிட்டார். அணி 8-2 என்று தோற்றது.

பந்துபொறுக்கி: அதை 31 வருடம் முன்னாடியே ஹாங்க் கிரீன்பெர்க் செய்துவிட்டார். 1934, டெட்ராய்ட் டைகர்ஸ். அணி 1909-க்குப் பிறகு லீக் பட்டத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஊர் எப்படி? ஹென்றி ஃபோர்டு தன் பத்திரிகையில் வருடக்கணக்கில் யூத வெறுப்பை அச்சடித்த வட்டாரம். அங்கே 23 வயசுப் பையன் நியூயார்க் அணியான யாங்கீஸுடனான ஆட்டத்தை விட்டுவிட்டு ஜெப ஆலயத்துக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் தொழ வந்தவர்கள் கைதட்டினார்களாம். ஜெப ஆலயத்தில் கைதட்டல்!

நைட்ஷிப்ட்: பாதிக் கதைதானே சொல்கிறீர்கள்? ஒன்பது நாள் முன்னால், யூதப் புத்தாண்டு அன்று அதே கிரீன்பெர்க் ஆடினாரே. அதுவும் பண்டிகைதான். யோம் கிப்பூர் வருவதற்குள் டைகர்ஸ் நன்றாக முன்னிலைக்குப் போய்விட்டது. ஒரு ஆட்டம் போனால் பெரிய சேதமில்லை.

பந்துபொறுக்கி: ஆடினார், மறைக்கவில்லை. ஆடுவதா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் இறங்கி 2 ஹோம் ரன் அடித்தார். (கிரிக்கெட் ஆட்கள் சிக்ஸர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பாஸ்டனை 2-1 என்று ஜெயித்தபோது இரண்டு ரன்னும் அவர் மட்டையிலிருந்துதான். வெற்றி ரன் கடைசி இன்னிங்ஸில். இவ்வளவு குழப்பத்தோடு எடுத்த முடிவுதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது.

மூன்றாம்நடுவர்: இரண்டு பேரும் நட்சத்திரங்களையே பிடித்துத் தொங்குகிறீர்கள். 1930-இல் யாங்கீஸில் ஆடிய ஜிம்மி ரீஸின் பிறவிப் பெயர் ஹைமன் சாலமன். பெயரை மாற்றிக்கொண்டு ஆடியவர்களை யார் கணக்கில் எடுப்பது?

பந்துபொறுக்கி: என் பக்கத்துக்குத்தான் நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள். கிரீன்பெர்க் பெயரையும் மாற்றவில்லை, எதிரணி வீரர்கள் உட்காரும் இடத்திலிருந்து வந்த வசவையும் வாங்கிக்கொண்டார். 1947-இல், தன் கடைசி சீசனில், நிறத்தடையை உடைத்து அந்த வருடம் லீக்குக்கு வந்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனோடு முதல் பேஸில் (ரன்னுக்கு ஓடுபவர் தொடவேண்டிய முதல் இடம்) தற்செயலாக மோதிக்கொண்டார். அப்புறம் வாய்ப்புக் கிடைத்ததும், அடிபட்டதா என்று விசாரித்து, தளராதே என்று ராபின்சனிடம் சொல்லிவிட்டுப் போனார். பட்டவனுக்குத்தான் தெரியும்.

நைட்ஷிப்ட்: நல்ல மனுஷர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோஃபாக்ஸ் நோன்போடு நிற்கவில்லையே. இரண்டாவது ஆட்டத்தில் தோற்றார், ஐந்தாவதை 7-0 என்று முடித்தார். இரண்டே நாள் ஓய்வில், மூட்டுவாதம் பிடித்த கையோடு ஏழாவதுக்கு வந்தார். வளைபந்து அன்றைக்குச் சொன்னபடி கேட்கவில்லை. வேகப்பந்தை மட்டுமே நம்பி வீசினார். 2-0, கோப்பை டாட்ஜர்ஸுக்கு. அடுத்த வருடத்தோடு 30 வயதில் ஆட்டத்தையே விட்டார்.

மூன்றாம்நடுவர்: கையைப் பற்றிப் பேசவா இந்தத் திரி?

நைட்ஷிப்ட்: சரி, ராபின்சன் விஷயத்தைக் கிரீன்பெர்க்குக்கே விட்டுத்தருகிறேன். ஏழாவது ஆட்டத்தைத் தரமாட்டேன்.